சூரியன் மறையும் நேரத்தில் சென்னையைப் படம் பிடிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்திடும் வேலைகளில் ஒன்று, மொபைலிலும் டிஜிட்டல் கேமராவிலும் எடுத்த படங்களை அதில் ஏற்றிப் பார்ப்பதுதான். சின்னத் திரையில் அழகாகத் தெரிந்த படம் மானிட்டரில் ஏமாற்றுவதும் அப்போதுதான் தெரிய வரும். மாலை நேரப் படங்கள் இதில் முதலிடம் பெறும்.

எனக்கும் இது நடந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அக்கா குடும்பத்தை மெரீனாவுக்கு அழைத்துச் சென்று, உழைப்பாளர் சிலை முன்னால் நிறுத்தி, மேற்கு வானம் செக்கச் சிவந்திருந்தபோது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் முகங்கள் ஓரளவு தெரிகின்றன. பின்னால் வானம் வெள்ளைத்தாள் போல இருக்கிறது. "என்னடா தம்பி, வானத்தையே காணோம்?" என்றார் அக்கா. கம்ப்யூட்டரில் சரி செய்து தருகிறேன் என்று தைரியமாகச் சொன்னேன். இரவு பதினொரு மணி வரை முயன்றும் முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஜேபெக் படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். என் படத்தில் முகங்கள் இருட்டாக இருந்ததால், கேமரா தானாகவே கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறது. அதனால் வானத்தின் புள்ளிகள் எல்லாம் மூன்றிலும் 255-ஐத் தொட்டுவிட்டன. அங்கே இருந்த ஆரஞ்சு எது, ஊதா எது என்ற தகவலே பைலில் இல்லை. இல்லாததை எந்தச் சாப்ட்வேரும் மீட்டுத் தராது. ஆனால் இருண்ட பகுதியில் 20, 30 என்று ஏதாவது எண் இருந்தால் அதைக் கொஞ்சம் மேலே தூக்கலாம். எனவே மாலையில் வானத்தைக் காப்பாற்றிப் படம் எடுங்கள். இருட்டைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் கொள்ளலாம்.

மொபைலில் இது மிக எளிது. கேமராவைத் திறந்து, திரையில் வானத்தின் பளிச்சென்ற பகுதியை விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளம் தோன்றும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும். வானத்தின் நிறம் திரும்பி வந்தவுடன் நிறுத்திக் கிளிக் செய்திடுங்கள். டிஜிட்டல் கேமராவாக இருந்தால் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்தி மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள். மைனஸ் 1 என்றால் வெளிச்சம் பாதியாகும். கேமராவில் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் மாலையின் மஞ்சளைக் குறையென்று நினைத்துக் குறைத்துவிடக் கூடும். கிளவுடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிறம் நிற்கும்.

பிளாஷ் சில மீட்டர் தூரம் வரைதான் எட்டும். கட்டடத்தைப் பார்த்து பிளாஷ் அடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன், பேட்டரிதான் வீண். முன்னால் ஆள் நிற்கிறார், அவர் முகமும் வேண்டும் என்றால் மட்டும் அருகில் நின்று பயன்படுத்துங்கள்.

எங்கே நிற்பது?

சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே சூரியன் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். மெரீனா மணலில் நின்று மேற்கே திரும்பினால் கட்டடங்களின் முகப்பு நிழலில் இருக்கும். அதை வெளிச்சமாக்க முயலாமல் கறுப்பு உருவமாகவே எடுங்கள். 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இதற்கென்றே செய்தது போலிருக்கும். பாறையை நெம்பும் நான்கு மனிதர்களின் கைகளும் கால்களும் வானத்தின் எதிரே தெளிவாகத் தெரியும். இரண்டடி நகர்ந்து சூரியனைச் சிலைக்குப் பின்னால் மறைத்துக் கொண்டால் கண் கூசாது. பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கோபுரங்களும் அப்படியே.

ரிப்பன் மாளிகை வேறு வகை. 1913-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த வெள்ளைக் கட்டடம் ஏறத்தாழ தெற்கு நோக்கி நிற்கிறது. ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி மறையும். எனவே மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாலைகளில்தான் முகப்பின் மேல் பொன் வெயில் சாய்வாக விழும்.

சூரியன் மறைந்ததும் கிளம்பி விடாதீர்கள். அதன் பின் பத்து முதல் இருபது நிமிடம் வானம் கருநீலமாக மாறும். கட்டட விளக்குகளும் எரியத் தொடங்கும். எனக்குப் பிடித்த நேரம் இதுதான். லண்டனில் ஜூன் மாதத்தில் இந்த அந்தி வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீடிக்கும். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். போனைச் சுவரிலோ கம்பத்திலோ சாய்த்துப் பிடித்து, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுத்தால் படம் ஆடாது.

கம்ப்யூட்டரில்

ஆண்ட்ராய்ட் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திஸ் பிசி, போன் பெயர், டிசிஐஎம், கேமரா என்று போல்டர்களைத் திறந்து படங்களை காப்பி செய்து பிக்சர்ஸ் போல்டரில் பேஸ்ட் செய்திடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி இறக்காதீர்கள். படம் சுருங்கி, திருத்தத் தேவையான தகவல் குறைந்துவிடும்.

பிறகு விண்டோஸ் போட்டோஸ் புரோகிராமில் படத்தைத் திறந்து எடிட் பகுதிக்குச் செல்லுங்கள். ஹைலைட்ஸ் கட்டையைச் சிறிது இடப்பக்கமும் ஷேடோஸ் கட்டையை வலப்பக்கமும் நகர்த்துங்கள். அதிகம் தூக்கினால் இருட்டில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். அது தெரிந்தவுடன் பின்வாங்குங்கள். முடித்தபின் சேவ் கொடுக்காமல் காப்பியாகச் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மூலப் படத்தின் மேலேயே சேமித்தால் அடுத்த வருடம் உங்கள் மனம் மாறினாலும் திரும்பிச் செல்ல இடமிருக்காது.

அக்கா டிசம்பர் கடைசியில் மறுபடி வருகிறார். அப்போது சென்னையில் சூரியன் 5.50 மணி வாக்கில் மறையும். இந்த முறை ஐந்து மணிக்கே ரிப்பன் மாளிகை எதிரே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.