புள்ளிக்கு வந்த மவுசு
சொந்த மண்ணில் கழித்துக் கட்டப்படும் புள்ளி ஆல்பகாவுக்கு வெளிநாட்டுப் பண்ணைகளில் தனி மரியாதை. ஆனால் நினைத்தபடி புள்ளி போட இயற்கை சம்மதிப்பதில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கம்பளி மீது யாரோ பேனா மையை உதறிவிட்டது போலத் தெரியும். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, கழுத்து நீண்ட ஆல்பகாக்களில் இப்படிப் புள்ளி விழுந்தவற்றை அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர்கள் 'அப்பலூசா' என்று அழைக்கிறார்கள். புள்ளிகளுக்குப் பேர்போன அமெரிக்கக் குதிரை இனம் ஒன்றிடமிருந்து இரவல் வாங்கிய பெயர். இவற்றை மட்டுமே குறிவைத்து இனம் பெருக்குபவர்களும் உண்டு.

ஆல்பகாவின் தாயகமான தென் அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். உலகிலுள்ள ஆல்பகாக்களில் பெரும்பகுதி, அதாவது சுமார் 40 லட்சம், பெரு நாட்டில்தான் இருக்கின்றன. ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டர் உயரத்தில், பயிர் எதுவும் விளையாத புல்வெளிகளில் அவற்றை மேய்ப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுக்குப் புள்ளி என்றால் நஷ்டம்.

காரணம் எளிமையானது. வெள்ளைக் கம்பளியில் எந்தச் சாயமும் ஏறும். புள்ளி விழுந்த கம்பளியில் ஒரே சாயம் இரண்டு விதமாகப் பிடிக்கும். அரெகிபா நகரத்து ஆலைகளில் கம்பளியைத் தரம் பிரிப்பது பெண்களின் கைகள்தான். இழையின் மென்மையை விரலாலேயே அளந்துவிடும் அந்தப் பெண்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்து வந்த கம்பளியைத் தனித்தனியாகப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். எனவே வியாபாரி வெள்ளைக்கு ஒரு விலை, கலப்புக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பேசுகிறார். தலைமுறை தலைமுறையாகப் பொலிகிடாவுக்கு வெள்ளையையே தேர்ந்தெடுத்ததில், பெருவின் மந்தைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் இன்று வெள்ளை.

ஆல்பகாவின் காட்டு மூதாதையான விகூன்யாவுக்கு ஒரே நிறம்தான்: முதுகு இளம்பழுப்பு, வயிறு வெள்ளை. 2001-ல் வெளியான மரபணு ஆய்வு இந்த உறவை உறுதி செய்தது. மற்ற நிறங்கள் எல்லாம் பெருகியது மனிதன் வளர்க்கத் தொடங்கிய பிறகு, சுமார் 6,000 ஆண்டுகளில். கறுப்பு, சாம்பல், காவி, பழுப்பு என்று இயற்கை நிறங்கள் இருபதுக்கும் மேல் கணக்குச் சொல்கிறார்கள்.

பழங்காலத்து இடையர்கள் கைதேர்ந்தவர்கள். தெற்குப் பெருவின் எல் யாரல் என்ற இடத்தில், பலியிடப்பட்டு வறண்ட மண்ணில் கெடாமல் கிடந்த, சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆல்பகா, லாமா உடல்களை ஜேன் வீலர் குழுவினர் ஆராய்ந்தார்கள். 1995-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவற்றின் கம்பளி இன்றைய விலங்குகளுடையதைவிட மெலிதாகவும் சீராகவும் இருந்தது. 1532-ல் ஸ்பானியர்கள் காலடி வைத்த பிறகு மந்தைகள் அழிந்தன. மிஞ்சியவை கலந்துபோயின. 1836-ல் டைட்டஸ் சால்ட் என்ற ஆங்கிலேய ஆலை அதிபர் ஆல்பகா கம்பளியில் இறங்கியதும் புதிய சந்தை திறந்தது. அதற்குப் பிறகு மந்தையின் நிறத்தை ஆலைகள் தீர்மானிக்கத் தொடங்கின.

ஆலைக்குக் கட்டுப்படாத வெளிநாட்டுப் பண்ணைக்காரர்கள் புள்ளியைத் தேடிப் போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பொறுமை வேண்டும். சினைக்காலம் பதினொன்றரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி; இரட்டை மிக அபூர்வம். மாட்டுக்குப் போடுவது போல சினை ஊசி போட்டுக் காரியத்தைத் துரிதப்படுத்தவும் வழியில்லை. ஆல்பகா கிடாவின் விந்து பசை போல இழுபடுவதால் அந்த முறை பரவவே இல்லை. பத்துப் பெட்டை வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் பத்துக் குட்டி. புள்ளிக் கிடாவைச் சேர்த்தாலும் எல்லாக் குட்டிகளும் புள்ளியோடு பிறப்பதில்லை. வெள்ளையோடு சேர்த்தால் இன்னொரு சிக்கல்: வெள்ளை மற்ற நிறங்களை மூடி மறைத்துவிடும். குட்டிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது அதன் குட்டி பிறக்கும்போதுதான் தெரியும்.

நிறத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பதில் ஆபத்தும் இருக்கிறது. சாம்பல் நிற ஆல்பகாவே உதாரணம். கிட் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றமே அந்த நிறத்துக்குக் காரணம் என்று 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற ஒரு விலங்குகூட அவர்களிடம் சிக்கவில்லை. அத்தகைய கரு பிழைப்பதில்லை என்றே கருதப்படுகிறது. சாம்பலையும் வெள்ளையையும் சேர்த்தால் நீலக் கண்ணுள்ள தூய வெள்ளைக் குட்டி பிறக்க வாய்ப்புண்டு. பார்க்க அழகு. ஆனால் அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்பதில்லை என்று 2005-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பணமும் காலை வாரும். அமெரிக்காவுக்கு 1984 முதல் ஆல்பகாக்கள் இறக்குமதியாயின. 1998-ல் அங்குள்ள பதிவேடு இறக்குமதி விலங்குகளுக்குக் கதவைச் சாத்தியதும் விலை எகிறியது. கம்பளி வருமானத்துக்கும் விலங்கின் விலைக்கும் சம்பந்தமே இல்லை, இது வெறும் ஊகக் குமிழி என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் சைட்டோன், செக்ஸ்டன் இருவரும் எச்சரித்தார்கள். 2008-ன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் குமிழி உடைந்தது. ஆயிரக்கணக்கான டாலர் கொட்டி வாங்கியவர்கள் விற்க ஆளில்லாமல் திண்டாடினார்கள். புள்ளி அபூர்வம் என்று சொல்லி விலை பேசுபவரிடம் கம்பளிக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்பதே புத்திசாலித்தனம்.

புள்ளியின் மூலதனம் இன்னமும் ஆண்டீஸ் இடையர்களின் மந்தையில்தான் இருக்கிறது. பெருவின் புனோ பகுதியில் உள்ள கிம்சசாட்டா அரசு ஆராய்ச்சி நிலையம் நிற ஆல்பகாக்களைத் தனி மந்தையாகப் பராமரிக்கிறது. ஆனால் ஒரு நிலையத்து மந்தை மட்டும் போதாது. சாயம் போடாத இயற்கை நிறக் கம்பளிக்கு வெள்ளைக்குச் சமமான விலை கிடைத்தால், மலையில் பிறக்கும் புள்ளிக் குட்டியை இடையர் கறிக்கு விற்க மாட்டார். அந்த விலை கிடைக்கும்வரை, அடுத்த பொலிகிடாவும் வெள்ளையாகவே இருக்கும்.