விளக்கின் விலை

1957-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்து அகன்றது. அக்காலத்துக் கப்பல் விளக்கொன்று துறைமுகத்துப் பழஞ்சாமான் கடையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அருமை அறிந்த ஒருவர் அதனைப் பித்தளை எடைக்கு வாங்கித் துலக்கிக் கொழும்பில் பன்மடங்கு விலைக்கு விற்கிறார். இது குற்றமா?

கொள்வதை மிகையாகக் கொள்ளாதவர், கொடுப்பதைக் குறைத்துக் கொடாதவர் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. நெல்லுக்கும் மிளகுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். சந்தை விலையே இல்லாத பழம்பொருளுக்கு எது மிகை, எது குறை? கடைக்காரரும் வணிகரே, விசாரித்தறியும் வாய்ப்பு அவருக்கும் உண்டு. அவரிடம் வாங்கியவர் தம் அறிவுக்கும் உழைப்புக்கும் கூலி பெறுகிறார் என்றே கருதுகிறேன். கறுத்த பித்தளையைத் துலக்கிப் பார்த்தவர்கள் அக்கூலியை அதிகம் என்னமாட்டார்கள்.

அதே விளக்கை, பேரனின் படிப்புச் செலவுக்காக மூதூரிலிருந்து ஒரு மூதாட்டி கொண்டுவந்து, "இது என்ன பெறும், தம்பி?" என்று கேட்டால் நிலைமை வேறு. அவர் விலை பேசவில்லை. நம்மை நம்பிக் கேட்கிறார். "பழைய பித்தளைதானே, ஆச்சி" என்பது அங்கே பொய்ச்சாட்சி. உண்மையிலேயே அறியாமல் வாங்கி, கொழும்பில்தான் அதன் மதிப்பை அறிந்தோம் என்றாலும், மூதூருக்கு இன்றும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.