'க்ராகி' என்றால் தூக்கமா, போதையா? ஒரு மேலங்கியில் பிறந்த வார்த்தையின் கதை!

தூங்கி எழுந்ததும் தலை கிறுகிறுன்னு இருந்தா, ஆங்கிலத்தில் 'க்ராகி'ன்னு சொல்றோம். ஆனால், இதன் பழைய அர்த்தம் குடிபோதை!

பிரிட்டிஷ் கடற்படை வைஸ் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், 'க்ரோக்ரம்' என்ற முரட்டுத் துணியில் தைத்த மேலங்கி அணிவார். அதனால் மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'ஓல்டு க்ராக்'.

மாலுமிகளின் போதையைக் குறைக்க, ரம்மில் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என 1740-ல் அவர் உத்தரவிட்டார். அந்தக் கலவைக்கும் 'க்ராக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதைக் குடித்துத் தள்ளாடினால் 'க்ராகி'.

பிறகு, அடி வாங்கித் தடுமாறும் குத்துச்சண்டை வீரருக்கும், தூக்கக் கலக்கத்துக்கும் இதே வார்த்தை வந்தது. கடற்படையில் தினசரி ரம் வழங்குவது 1970 ஜூலை 31-ம் தேதியோடு நின்றுபோனது. வார்த்தை மட்டும் நிற்கவில்லை.

சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் நம்மை 'க்ராகி' ஆக்கும். ஒரு சொட்டு குடிக்கலைன்னாலும், அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீங்க!