சின்னத்திரையும் நம் கரையும்

கனமூலையில், புத்தளம் களப்பை அண்டி வாழும் எனக்குத் தொலைக்காட்சி நாடகம் என்றதும் நினைவில் எழுபவர் கே. பாலசந்தர். 1930இல் நன்னிலத்தருகே பிறந்த அவர், முத்துப்பேட்டையில் ஆசிரியராயிருந்தார்; பின் சென்னையில் அரசாங்க அலுவலராய்ப் பகலில் கணக்கெழுதி, மாலையில் மேடை நாடகம் வளர்த்தார். 1965இல் தம் நாடகமான ‘நீர்க்குமிழி’யைப் படமாக்கித் திரை இயக்குநரானார்.

புகழ்பெற்ற பின்னர் அவர் சின்னத்திரைக்கு இறங்கிவந்தார் என்பார் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. கூடத்தில் அமர்ந்து காண்போர்க்குக் குடும்பத்தின் துயரே நெருக்கமானதென்று அவர் அறிந்திருந்தார். நோயுற்ற தாயொருத்தி தன் மக்களின் நாளையை எண்ணிக் கலங்கும் ‘கையளவு மனசு’ அதற்குச் சான்று. ‘மின் பிம்பங்கள்’ வாயிலாக ‘மர்மதேசம்’ தயாரித்துப் பிறர் எழுத்துக்கும் இடமளித்தார்.

இலங்கையில் ரூபவாஹினி 1982இல் தோன்றியது. இக்களப்போர மக்களின் பேச்சை அத்தகைய திரையில் கேட்க விழைகிறேன். முத்துப்பேட்டை ஆசிரியர் ஒருவருக்கு இயன்றது, நம்மூர் ஆசிரியர்க்கு இயலாதா?