கயிற்று வழி

இரு பாறை முகடுகள் அருகருகே நிற்கும். இடையே அடி காணாத பிளவு கிடக்கும். இறங்கி ஏற வழியில்லாத அவ்விடத்தில், மலையேறுவோர் கயிற்றையே பாலமாக்கிக் கொள்வர். ஆல்ப்ஸ் மலைப்பகுதியான டிரோலின் பெயரால் இதனை டிரோலியக் கடப்பு என்பர். 1906ஆம் ஆண்டில் டீட்டா பியாஸ் என்னும் மலை வழிகாட்டி, டோலமைட் மலைகளில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் ஒரு பாறைத் தூணின் உச்சிமீது எதிர்ப்பாறையிலிருந்து கயிற்றை எறிந்து, அதன் வழியே கடந்து சென்று புகழ் பெற்றார். 1946ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், லாஸ்ட் ஆரோ என்னும் பாறைத் தூணை முதன்முதல் வென்றவர்களும் கயிற்று வழியையே துணைக்கொண்டனர்.

காண்போர்க்கு இது துணிவின் செயலாகவே தோன்றும். உண்மையில் இது கணக்கின் செயல். கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டுகின்றோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணமே பேராபத்தாக முடியக்கூடும்.

துணி உலர்த்தும் கொடியை நோக்குக. தளர்ந்து தொங்கும் கொடி ஈரப் போர்வையை எளிதில் தாங்கும். அதனையே வில்நாண்போல் இழுத்துக் கட்டி, நடுவில் அப்போர்வையை இட்டால், சுவரில் அறைந்த ஆணி பெயர்ந்து வரும். போர்வையின் எடை மாறவில்லை. கயிற்றின் கோணமே மாறியது. கயிறு சரிந்து மேல்நோக்கிச் செல்லும் அளவுக்கே அதன் இழுவிசை எடையைத் தாங்கப் பயன்படும். ஏறக்குறையக் கிடையாக நிற்கும் கயிற்றின் இழுவிசையில் மிகச் சிறு பங்கே எடையைத் தாங்கும். எஞ்சியதெல்லாம் இருமுனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுப்பதிலேயே கழியும்.

இருபது மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவே அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தொங்குவதாகக் கொள்வோம். கயிறு 2 மீட்டர் தாழ்ந்தால், அதன் இழுவிசை ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். 1 மீட்டரே தாழ்ந்தால் 300 ஆகும். 20 சென்டிமீட்டர் மட்டுமே தாழுமாயின், 1,500 ஆகிவிடும். தாழ்வு பாதியாகக் குறைய, இழுவிசை இரட்டிப்பாகின்றது. 11 மில்லிமீட்டர் பருமனுள்ள நல்ல நைலான் கயிறு புதிதாயிருக்கையில் சுமார் 3,000 கிலோகிராம் வரை தாங்கும். ஆயினும் முடிச்சிட்ட இடத்தில் அவ்வலிமையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையலாம். பழமையும், வெயிலும், பாறை விளிம்பின் உராய்வும், தொங்குபவரின் குலுக்கமும் எஞ்சியதை உண்ணும். ஆதலின், ஆள் நடுவில் தொங்கும்போது இடைவெளியின் பத்தில் ஒரு பங்கேனும் கயிறு தாழ விடுதல் நன்று என்பர். கப்பிகளைப் பூட்டிப் பலர் கூடி இழுக்கும்போது, தம் கைகள் எவ்வளவு விசையை ஏற்றுகின்றன என்பதை அவர்களே அறியார். ஆங்கே பெரிதும் கருத்து வேண்டும்.

கயிறு எத்துணை உறுதியாயினும், கட்டிய இடம் பெயர்ந்தால் பயனில்லை. எனவே ஒவ்வொரு முனையையும் ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிப்புகளிலேனும் பிணைப்பர். அவ்விரு பிணைப்புகளுக்கும் இடையிலுள்ள கோணம் குறுகியதாயிருத்தல் வேண்டும். அது 120 பாகையாக விரிந்தால், ஒவ்வொரு பிணைப்பும் சுமையில் பாதியையன்று, முழுச் சுமையையும் தாங்க நேரும். கொடிக்கயிற்றின் விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது. பாறை விளிம்பில் கயிறு படுமிடத்தில் தடித்த துணியேனும் தோலேனும் இட்டு அதனைக் காப்பர். கடப்பவரின் இடுப்புப் பட்டை, திருகிப் பூட்டும் உலோகக் கொக்கியால் கயிற்றோடு இணைக்கப்படும்; இரண்டாவது காப்புக் கயிறும் உடன் செல்லும். நைலான் கயிற்றின்மேல் நைலான் பட்டையை நேரே உராயவிடலாகாது. விரைந்த உராய்வில் பிறக்கும் வெப்பம் நைலானை உருக்கிவிடும்.

சரிவில் கட்டிய கம்பியில் கப்பி பூட்டி வழுக்கிச் செல்வதை ஜிப் லைன் என்பர். நிலையாக அமைக்கப்படும் இடங்களில் இதற்கு எஃகு வடமே ஏற்றது. இங்குப் புதிதாய்ச் சேரும் இடர் வேகம். எடை மிக்கவர் பெரும்பாலும் விரைந்து செல்வர். எடை குறைந்தவர் எதிர்க்காற்றில் நடுவழியிலேயே நின்றுவிடலும் கூடும். வடம் தொய்ந்து, முடிவில் சற்று மேல்நோக்கி எழுமாறு அமைந்தால், செல்பவரின் வேகம் தானே தணியும். இங்கும் தொய்வே துணை செய்கின்றது. எனினும் அதனை மட்டும் நம்பாமல் தடையமைப்பு ஒன்றும், அது தவறினால் காக்க மற்றொன்றும் வைத்தல் வேண்டும். தலைமயிரும் தளர்ந்த ஆடையும் கப்பியில் சிக்காதவாறு கட்டப்பட வேண்டும். ஓடும் வடத்தை விரல்களால் பற்றலாகாது.

இவற்றையெல்லாம் படித்து அறிதல் வேறு. கட்டித் தொங்குதல் வேறு. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையின்றி இதில் இறங்குவது துணிவன்று, அறியாமையே. தேர்ந்த மலையேறிகளும் தாம் இட்ட முடிச்சைத் தாமே பார்த்து அமையார். கடக்கத் தொடங்குமுன் பிறர் ஒருவரைக் கொண்டு கயிறு, முடிச்சு, கொக்கி, பட்டை ஆகிய அனைத்தையும் மீண்டும் தொட்டுப் பார்க்கச் செய்வர். தன் கண் பிழைபடக் கூடும் என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம் அவர்களிடம் உண்டு. கயிற்றுக்குச் சிறிது தொய்வு எவ்வாறு வலிமையாகின்றதோ, அவ்வாறே மனிதனுக்கு அவ்வடக்கம் வலிமையாகின்றது.