பயங்கரவாதம்னா என்ன பாஸ்?

ஈஸியான கேள்விதானேன்னு நினைச்சா, ஸாரி! அலெக்ஸ் ஷ்மிட்ங்கற ஆராய்ச்சியாளர் 1980-கள்லயே இதுக்கு 109 விளக்கங்களைத் திரட்டிட்டார். எல்லா நாடும் ஒத்துக்கிட்ட ஒரே விளக்கம் ஐ.நா.வுக்கே இன்னும் சிக்கலை.

நம்ம ஏரியா கேஸையே எடுத்துக்குங்க. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அப்போ அதுவும் மாமல்லபுரமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். பெல்ட் வெடிகுண்டோட வந்த பெண், ராஜீவ் காந்தியைக் கொன்னார். பக்கத்துல நின்ன போலீஸ்காரங்களும் செத்தாங்க. பூந்தமல்லி தடா கோர்ட் 1998-ல 26 பேருக்கும் தூக்குன்னது. 1999-ல சுப்ரீம் கோர்ட் நாலு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செஞ்சது. கூடவே ஒரு ஷாக்: தடா சட்டப்படி இது பயங்கரவாதச் செயலே இல்லையாம்! குறி ஒரு தனி மனிதர்தான், அரசை மிரட்டுறது நோக்கமில்லைங்கறது லாஜிக். செத்த போலீஸ்காரங்க வீட்டுல இந்த லாஜிக் எடுபடுமா? எனக்கு டவுட்தான்.

ஆனா, தடாவுல போலீஸ் வாங்கின வாக்குமூலம் மட்டும் செல்லுமாம். (சாதாரண கேஸ்ல போலீஸ்கிட்ட கொடுக்கற வாக்குமூலம் சாட்சியமே ஆகாது.) அப்படி மாட்டினவர் பேரறிவாளன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சவர், கைதானப்போ வயசு 19. என்னைவிட ஒரு வயசு கம்மி! ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார்ங்கறது முக்கியமான குற்றச்சாட்டு. எதுக்குன்னே தெரியாதுன்னு அவர் சொன்னதை எழுதாம விட்டுட்டேன்னு, பதிவு செஞ்ச சி.பி.ஐ. அதிகாரியே 2013-ல சொன்னார். அவருக்கு விடுதலை கிடைச்சது 2022 மே மாசம்.