தமிழ்ச் சிறாருக்கான எசுப்பானிய மொழிக் கல்வி

தமிழ்ச் சிறாருக்கான எசுப்பானிய மொழிக் கல்வி என்பது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பள்ளி மாணவருக்கு எசுப்பானியத்தையும் அதன் பண்பாட்டையும் அறிமுகப்படுத்துவதாகும். எசுப்பானியம் பேசுவோர் மிகுதியாக வாழும் நாடு மெக்சிக்கோ ஆகும்.

ஒலிப்பும் இலக்கணமும்

எசுப்பானியத்தில் அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிரொலிகளே உள்ளன. 'நீஞோ' (சிறுவன்) என்பதன் ஞகரம் தமிழிலும் உண்டு. ப, த, க ஒலிகள் தமிழிற் போலவே மூச்சுக் கலவாதவை. 'பெரோ' (ஆனால்), 'பெர்ரோ' (நாய்) ஆகியவற்றை ரகரத்தின் அதிர்வே வேறுபடுத்துகிறது. 'தூ', 'உஸ்தெத்' என்பன முறையே நீ, நீங்கள் ஆகும். எனவே ஆங்கில ஒலிப்பின் வழியாகக் கற்பதை விடத் தமிழ் வழியாகக் கற்பது எளிது.

பண்பாட்டுத் தொடர்பு

மிளகாயும் மக்காச்சோளமும் மெக்சிக்கோவில் முதலில் பயிரிடப்பட்டவை. சப்போட்டா என்னும் பெயர் அசுட்டெக் மக்களின் நாவாட்டு மொழியில் தோன்றி, எசுப்பானியம் வழியாகப் பரவியது. நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் மெக்சிக்கர்கள் இறந்தோரை நினைவுகூர்ந்து படைக்கும் மலர், தமிழகத்தில் துலுக்கச் சாமந்தி எனப்படுவதாகும். கிளியனூர் வட்டாரச் சிறார் அறிந்த மரக்காணம் உப்பளங்களைப் போலவே, மெக்சிக்கோவின் கெர்ரெரோ நேக்ரோவிலும் கடல்நீரை வெயிலில் ஆவியாக்கி உப்பு எடுக்கின்றனர். உப்புக்கு எசுப்பானியத்தில் 'சால்' என்று பெயர்.

பள்ளிகளில்

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாக எசுப்பானியத்தைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. இதனால் அரசுப் பள்ளி மாணவருக்குப் பாடவேளைக்கு வெளியிலான அறிமுகமே பெரும்பாலும் வாய்ப்பாக அமைகிறது.